மையவாடிக்குப் போன வெள்ளை ஐரிஸ்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் பூவைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் இது கிடையாது. பெயர் ஐரிஸ். இலைகள் வாள் போல நிமிர்ந்து, ஓலை விசிறியை விரித்துப் பிடித்தது மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். நடுவில் இருந்து ஒரு தண்டு எழும்பும். அதன் தலையில் பூ. மூன்று இதழ்கள் துஆவுக்கு ஏந்திய கைகளைப் போல மேலே கூடி நிற்க, மற்ற மூன்றும் கீழே மடிந்து தொங்கும். தொங்கும் இதழின் தொண்டையில், மஞ்சள் நூலைக் கத்தரித்து ஒட்டியது போல ஒரு கோடு. ஊதா, நீலம், செம்பு நிறமெல்லாம் இந்த நாட்டில் உண்டு. என் வீட்டுப் பின்வளவில் இருப்பது வெள்ளை.

இன்று வெள்ளிக்கிழமை. சுபஹ் தொழுது, கொஞ்சம் ஓதி, விடிந்த பிறகு யன்னல் திரையை விலக்கினேன். இந்த வருடத்தின் முதல் பூ விரிந்திருந்தது. அப்படியென்றால் உம்மா மௌத்தாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. பிறைக் கணக்கில் ஆண்டு நாள் வருடா வருடம் முன்னுக்கு வந்துவிடும். அந்த நாளில் யாசீன் ஓதி என் கடமையை முடித்துவிட்டேன். ஆனாலும் என் நெஞ்சுக்கு ஆண்டைச் சொல்வது கலண்டரும் இல்லை, பிறையும் இல்லை. இந்தப் பூதான்.

நான் காத்தான்குடியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்து, கலியாணம் முடித்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊருக்கு வந்தவள். சமைப்பதும், தொழுவதும், இந்தப் பின்வளவைக் கொத்துவதும்தான் எனக்குத் தெரிந்த வேலைகள். எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

உம்மா போன நேரம் எங்கள் விசா வழக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "இது கடைசி" என்பார்கள். பிறகு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கைவிரல் அடையாளம், இன்னொரு காத்திருப்பு. முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் வழக்கைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் கணவருக்கும் அந்தச் சட்டம். மகள் ஷிப்னா இங்கே பிறந்தவள். பத்து வயது நிறைந்ததும் அவளுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. ஆக, காத்தான்குடியைத் தெரிந்த இரண்டு பேரும் அங்கே போக முடியாது. போகக்கூடிய ஒருத்திக்குக் காத்தான்குடியைத் தெரியாது. எங்கள் வீட்டு நிலைமை இதுதான்.

ஜனாஸாவை வீட்டிலிருந்து எடுக்கும்வரை தம்பி ஜவ்பர் கைபேசியைப் பிடித்துக் காட்டினான். உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவன் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க வேண்டும், ஒரே மகன். கைபேசியை அணைக்க மறந்து சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். அதனால் உம்மாவை அடக்கியதை நான் ஒரு சட்டைப்பைக்குள் இருந்து கேட்டேன். திரை முழுக்க இருட்டு. செருப்புகள் மணலில் இழுபடும் சத்தம். கலிமாச் சத்தம். பிறகு யாரோ "இஞ்சால, இஞ்சால, கொஞ்சம் தாழ்த்து" என்றார்கள். மண் விழும் சத்தம் கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது கேட்கவேயில்லை. எங்களூர் மண் மணல்தானே. மணல் சத்தம் போடாது.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பாத்மா கதவைத் தட்டினார். துருக்கிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். எப்படித் தெரிந்ததோ, நான் கொடியில் உடுப்பைப் போட்டுக்கொண்டு அழுததை வேலிக்கு மேலால் பார்த்திருக்கலாம். கையில் வெள்ளைப் பூக்கள். "அன்னே?" என்றார். அவருடைய மொழியில் அம்மா. நான் தலையாட்டினேன். பூவை என் கையில் தந்து, என் தலையை அவருடைய தோளில் வைத்துக்கொண்டார். ஆறுதலுக்குக் கொண்டுவந்த பூ என்றுதான் நினைத்தேன்.

3

அந்தக் கோடையின் கடைசியில் பாத்மா தன் ஐரிஸ் பாத்தியைக் கிளறிப் பிரித்தார். நெருக்கமாக வளர்ந்தால் பூக்காதாம். மிஞ்சிய கிழங்குகளில் ஒரு பையளவை எனக்குத் தந்தார். பார்த்தால் அசல் மஞ்சள் கிழங்கு. அதே கணு, அதே விரல். எனக்கு மஞ்சள் நடுவது தெரியும். உம்மா கிணற்றடிக்குப் பின்னால் மஞ்சள் போடுவார். பாத்தி கட்டி, கிழங்கை ஆழமாகப் புதைத்து, சருகால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வார். நானும் அப்படியே செய்தேன். பிஸ்மி சொல்லி ஆழமாகப் புதைத்தேன். மேலே வாடிய இலைகளைப் பரப்பினேன். இந்த நாட்டு மழை போதாதென்று நானும் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த வைகாசியில் பாத்மாவின் பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. என் பக்கம் நாலைந்து மெலிந்த இலை. பாதி அழுகிப்போயிற்று.

பாத்மா வந்து குந்தினார். விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டு போனார், போனார், கிழங்கு வரவேயில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒருவருடைய ஆங்கிலத்துக்குக் காணாது. ஆனால் சிரிப்பு விளங்கியது.

"ஏன் கபிர்? இது சாகவில்லை!" என்றார். கபிர் என்றால் அவர்களுக்கும் கபுறுதான், அடக்கும் குழி. பிறகு தன் முதுகைத் தட்டிக் காட்டினார். வானத்தைக் காட்டினார். "முதுகு. வெயில். ஒவ்வொரு நாளும்."

ஐரிஸ் கிழங்கு பாதி மண்ணுக்கு வெளியில் கிடக்க வேண்டும். வேர் மட்டும் கீழே. முதுகு வெயில் காய வேண்டும். மூடினால் அழுகும், அழுகாவிட்டாலும் பூக்காது. நான் புதைத்தவற்றையெல்லாம் எடுத்து, மண்ணை மேடாக்கி, மேலே உட்கார்த்தி வைத்தோம். ஏதோ யாரோ நட மறந்துவிட்டுப் போனது போல அது கிடந்தது. எனக்குப் பார்க்கவே கை அரித்தது. கொஞ்சம் மண்ணை இழுத்து மூடிவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். பாத்மா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதற்கு அடுத்த வைகாசி என்னுடையதும் பூத்தது. அல்ஹம்துலில்லாஹ். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பூ. அப்போதுதான் பாத்மா சொன்னார், அவருடைய ஊரில் இந்த வெள்ளையை வீட்டில் வைப்பதைவிடக் கபுறடியில் வைப்பதுதான் அதிகம் என்று. அவருடைய அம்மாவின் தலைமாட்டிலும் இதுதான் நிற்கிறதாம். தண்ணீர் ஊற்ற யாரும் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டில் வருடத்துக்கு ஒருமுறை பூக்குமாம்.

 உம்மா போன அன்று இவர் கொண்டுவந்தது வெறும் பூ இல்லை. எனக்குப் போக முடியாத கபுறுக்கு வைக்க வேண்டிய பூவை என் கையில் வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. உம்மாவின் தலைமாட்டில் என் கையால் வளர்த்த இந்தப் பூ ஒன்று பூக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். விசா முடிவுக்குக் கேட்கும் துஆவில்கூட இதையும் சேர்த்துக்கொண்டேன்.

4

ஷிப்னாவைப் பற்றி எப்படி எழுதுவது? நல்ல பிள்ளை. தொழுகை சொன்னால் தொழுவாள். பல்கலைக்கழகம் போகிறாள். ஆனால் காதில் எப்போதும் கைபேசியின் அந்த வெள்ளைக் குமிழ். நான் தமிழில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும், அதுவும் படியேறிக்கொண்டு. என் உம்மாவுடன் அவள் பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில் "சலாம், நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்ற நாலு சொல். உம்மா அதற்கே பூரித்துப்போய், "மாஷா அல்லாஹ், புள்ள என்ன வடிவாப் பேசுது!" என்பார். இவள் என் பிள்ளைதான், ஆனால் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் இந்த நாட்டின் பிள்ளையாகிக்கொண்டு போகிறாள் என்ற பயம் எனக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஆவணி லீவுக்கு ஊருக்குப் போய்வாறியா மகள்?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"உம்மம்மாட கபுறடியில இந்தக் கிழங்க வெக்கணும்."

அவள் காதிலிருந்து ஒரு குமிழை மட்டும் எடுத்தாள். "உம்மா, நான் அவங்கள நேர்ல பாத்ததே இல்ல. சரியாத் தெரியாது கூட."

"தெரியாட்டி என்ன. நான் தெரிஞ்சவள், எனக்குப் போகேலா."

குமிழைத் திரும்பச் செருகிக்கொண்டு மேலே போனாள். முடிந்தது என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துச் சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "செடி கொண்டு போறதுக்கு சேட்டிபிகேட் வேணும். அப்ளை பண்ணிட்டன்" என்றாள்.

கிழங்கை மண் துளியும் இல்லாமல் பல் துலக்கும் பிரஷால் கழுவினோம். ஓர் அதிகாரி பார்த்து, நோய் இல்லை என்று முத்திரை குத்தித் தந்தார். என் கணவர் அந்தப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நமக்கு இத்தின வருசமாக் கிடைக்காதது இந்த மஞ்சள் துண்டுக்குக் கிடைச்சிட்டு" என்றார். சிரித்தோம். பிறகு அவர் அதை மடித்து மெதுவாக உறையில் போட்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னாராம்.

"இது இஞ்சியா, மஞ்சளா?"

"பூச்செடி."

"யாருக்கு?"

"என் உம்மாவின் உம்மாவுக்கு."

"அவ வளர்ப்பாவா?"

ஷிப்னா கொஞ்சம் யோசித்துவிட்டு "ஓம்" என்றாளாம். பிறகு எனக்குப் போன் எடுத்து முதலில் கேட்டதே இதைத்தான்: "உம்மா, அது பொய்யா?"

5

எங்களூரில் பெண்கள் கபுறுகள் இருக்கும் மையவாடிக்குள் போவதில்லை. இது எனக்குத் தெரியாததா? ஆனால் அத்தனை வருடமும் நான் அழுதபோது இதை நினைத்ததே இல்லை. ஷிப்னா வாசலில் நின்று, "மாமா உள்ள போறாரு, நான் இங்க நிக்கணுமாம்" என்று சொன்னபோதுதான் சட்டென்று உறைத்தது. வழக்கு முடிந்து, கடவுச்சீட்டுக் கிடைத்து, நான் பறந்தே போயிருந்தாலும் இந்த மதிலுக்கு வெளியில்தான் நின்றிருப்பேன். அல்லாஹ் என்னை எங்கே நிறுத்தியிருந்தாலும் உம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அந்த மதில் இருந்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஷிப்னா கைபேசியை மதிலுக்கு மேலால் உயர்த்திப் பிடித்தாள். அவளுடைய கை எட்டிய தூரத்துக்கு நானும் உள்ளே போனேன். வெள்ளை மணல். வரிசையாக, தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள். ஜவ்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உம்மாவின் தலைமாட்டில் குந்தியிருந்தான். அவனும் உம்மாவின் மகன்தானே. மஞ்சள் நடுவது போல ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தான்.

நான் இங்கிருந்து "ஆழம் வேணாம்!" என்று கத்தினேன். தூரத்தில் குந்தியிருந்த அவனுக்குக் கேட்கவில்லை. ஷிப்னாவுக்குக் கேட்டது. கிழங்கு என்ற சொல் அவளுக்கு அந்த நேரம் வாயில் சரியாக வரவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"மாமா! கிழவிட முதுகு வெளிய தெரியணும்! மண்ணால மூடாதீங்க! கிழவிக்கு வெயில் வேணும்!"

மையவாடி. ஊரே தெருவில். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். மீன் கூடையோடு போனவர், "ஆர்ர புள்ள இது?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ஜவ்பர் மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறான்.

"மருமகள்," என்றான், மூச்சு வாங்கி, "உம்மாக்கு மட்டும் இது கேட்டிருந்தா எழும்பி வந்து உன்ட காதத் திருகியிருப்பா!" பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னான். கிழங்கை மேலே எடுத்து, முதுகு தெரிய வைத்தான்.

ஷிப்னா திரும்பி வந்து அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வெயில், நுளம்புக் கடி, எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்கிறார்கள், அவ்வளவுதான். காதில் மறுபடியும் குமிழ். படியேறிப் போய்விட்டாள்.

6

ஜவ்பர் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போவான். நானும் ஒவ்வொரு வெள்ளியும் கேட்பேன். மாரி மழை பிடித்தபோது அழுகிவிடும் என்று எனக்கு நித்திரை இல்லை. மணல் என்றபடியால் தண்ணீர் நிற்கவில்லை. "ஆடு தின்னுதா?" என்று கேட்டேன். "மணந்து பாத்திட்டுப் போகுது ராத்தா. அதுக்கும் இங்கிலிஷ் சாப்பாடு புடிக்கல்ல போல" என்றான். தை பிறந்தது, மாசி பிறந்தது. "பூத்திட்டா?" "இல்ல ராத்தா." பங்குனி. "மொட்டாவது?" "இலைதான் ராத்தா, இலை நல்லாரிக்கி." அவனுடைய குரலில் இருந்த சங்கடம் எனக்கு விளங்காமல் இல்லை. என்றாலும் கேட்பதை நிறுத்த முடியவில்லை.

சில கிழமைகளுக்கு முன் ஒரு வெள்ளியன்று படம் வந்தது. வாள் இலைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பூ. உம்மாவின் மீசான் கட்டை பின்னால் தெரிகிறது.

நான் போட்ட சத்தத்தில் கணவர் குளியலறையிலிருந்து ஓடிவந்தார். நன்றிக்கு நெற்றியை நிலத்தில் வைத்து ஷுக்ரு ஸஜ்தா செய்தேன். தலைத்துண்டைப் போட்டுக்கொண்டு பாத்மாவிடம் ஓடினேன். பாத்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, படத்தை நெடுநேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார்.  என் கன்னத்தைத் தொட்டார். எங்கள் பக்கம் இன்னும் மொட்டுக்கூட வரவில்லை. அங்கே வெயில் கூட, அதனால் முந்திவிட்டது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழின் மேல் பனித்துளி. ஒன்று, இரண்டு, வரிசையாக. ஜும்ஆ முடிந்த நேரம். காத்தான்குடி வெயில். மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த நேரத்தில் எந்தப் பூவில் பனி நிற்கும்?

கண் எரிந்தது. வெங்காயம்தான். ஜவ்பருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பூவ ஒருக்கா வீடியோவில காட்டு."

"இப்ப ஏலாது ராத்தா. சிக்னல் இல்ல."

"கபுறடியில நிண்டா சிக்னல் இல்லாம? போன கிழமை இரிந்ததே."

"அது... ஆக்கள் நிக்காங்க."

"தம்பி, பனி ஒட்டின பூவ எந்தக் கடையில வாங்கின?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "கலியாணச் சோடனைக் கடையில. துணிப் பூ. வெள்ளைதான் இரிந்திச்சு, தொண்டையில மஞ்சள் இல்ல. கறிக்குப் போடுற மஞ்சளத் தண்ணியில குழைச்சு நெருப்புக்குச்சியால தொட்டன். நல்லாரிக்கா?"

எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. ஆனால் ஒன்று இடித்தது. "தொண்டையில மஞ்சள் இரிக்கும் எண்டு உனக்கு ஆர் சொன்ன? நீ இந்தப் பூவக் கண்ணால கண்டதில்லையே."

"ராத்தா, அவவுக்கிட்ட நான் சொன்னன் எண்டு சொல்லிராதீங்க."

"எவ?"

"மருமகள்தான். வேற ஆரு? ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் எடுப்பா. செடி எப்படி, மழையா வெயிலா, உம்மாட மீசான் சாயாம இரிக்கா எண்டு கேட்டுக் கேட்டு என்னப் போட்டுக் கொல்றா. இப்ப தமிழ் நல்லா வருது. போன கிழமை எனக்கு ஏசினவ கூட, தமிழிலயே."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். வியாழன் பின்னேரங்களில் அவள் காதில் குமிழோடு படியேறிப் போவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். யாரோ வெள்ளைக்காரச் சினேகிதியோடு பேசுகிறாள் என்று, இந்த நாடு அவளை இழுத்துக்கொண்டு போகிறது என்று, மனதுக்குள் எத்தனை தரம் வெந்திருக்கிறேன். அவள் காத்தான்குடியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

7

ஷிப்னா வந்ததும் கைபேசியில் படத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். பார்த்தவுடன் விளங்கிவிட்டது அவளுக்கு.

"ஸொறி உம்மா."

"ஏன் மகள்?"

"நீங்க ஒவ்வொரு கிழமையும் பூத்திட்டா, பூத்திட்டா எண்டு கேப்பீங்க. மாமா இல்ல எண்டு சொல்லும்போது உங்கட முகம்..." ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள். "உம்மா, அது அங்க பூக்காது. அதுக்குக் குளிர் வேணும். ஒரு வின்டர் முழுக்கக் குளிர் பட்டாத்தான் பூக்குமாம். அங்க ஏது குளிர்?"

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போறதுக்கு முன்னமே தெரியும். வாசிச்சன்."

"தெரிஞ்சுமா கொண்டு போன?"

அவள் தோளைக் குலுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க எனக்கிட்ட ஒண்டுமே கேக்கிறதில்ல. படி, தொழு, சாப்பிடு. அது எல்லாம் எனக்கு. உங்களுக்கெண்டு கேட்டது இது மட்டும்தான்."

 அவளைப் பக்கத்தில் இருத்தினேன். பிறகு நான் ஓதப்போன காலத்தில் ஹஸரத் சொல்லித்தந்ததை எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். நபி நாயகம் அவர்கள் பச்சை ஈச்சை மட்டையைக் கிழித்து இரண்டு கபுறுகளில் நட்டதை. அது காயாமல் இருக்கும்வரை உள்ளே இருப்பவர்களுக்கு வேதனை இலேசாக்கப்படும் என்று நம்பிக்கை வைத்ததை. அதனால்தான் எங்களூரில் அடக்கி முடிந்ததும் ஒரு பச்சைக் கொப்பை நட்டுவிட்டு வருகிறார்கள். கொப்பு சில நாளில் காய்ந்துவிடும். மட்டை பூத்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கும் விளங்கியது. எனக்கு இது சிறு வயதிலிருந்து தெரியும். தெரிந்திருந்தும் இத்தனை மாதமும் பூவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பூ எனக்கு வேண்டியிருந்தது. என் கை அங்கே இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உம்மாவுக்கு வேண்டியது மாரியிலும் கோடையிலும் காயாமல் அங்கேயே நின்றிருக்கிறது. "இலை நல்லாரிக்கி ராத்தா" என்று தம்பி ஒவ்வொரு வெள்ளியும் சொன்னான். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப பூக்காட்டியும் ஓகேயா?" என்றாள் ஷிப்னா.

"பச்சையா இரிந்தாக் காணும் மகள்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அந்த எயார்போட் ஆள்கிட்ட நான் சொன்னது பொய் இல்ல, என்ன?"

பிறகு வந்த வெள்ளிகளில் பலமாகக் காற்று வீசுகிறது என்று ஏதாவது சாட்டுச் சொல்லி ஜவ்பர் வீடியோவில் செடியைக் காட்டாமல் தப்பிக்கொண்டிருந்தான். இன்றுதான் பிடிபட்டான். இங்கே காலை, அங்கே ஜும்ஆ முடிந்த நேரம். ஷிப்னா கைபேசியைப் பிடித்துக்கொண்டாள். என் பூவை முதலில் அவனுக்குக் காட்டினேன். வைகறைப் பனி இதழில் அப்படியே நின்றது.

"அட, உங்கடயிலயும் பனி ஒட்டித்தான் இரிக்கி!" என்றான்.

"இது துடைச்சாப் போகும். உன்டயக் கழட்டு."

"காசு குடுத்து வாங்கினது ராத்தா. கியாமத்து நாள் வரைக்கும் வாடாது."

"கழட்டுங்க மாமா," என்றாள் ஷிப்னா.

கழற்றினான். மஞ்சள் கரைந்து இதழெல்லாம் கறி நிறமாகப் போயிருந்தது. அதைத் தோளில் சாத்திக்கொண்டு மணலைக் கையால் ஒதுக்கினான். பிறகு கைபேசியைக் கீழே கொண்டுபோனான். "இதென்ன ராத்தா, பாருங்க!"

பூ இல்லை. ஆனால் பழைய கிழங்கின் இரண்டு பக்கத்திலும் இரண்டு புதுக் கிழங்குகள், விரல் தடிப்பில், மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கொழுந்துப் பச்சையாக ஒரு சின்ன விசிறி. நாங்கள் அனுப்பியது ஒன்று. உம்மாவின் தலைமாட்டில் நிற்பது மூன்று.

ஷிப்னா கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"பாவம், பச்ச உடம்பு வெயில்ல கிடக்கு," என்றான் ஜவ்பர். கை நிறைய மணலை அள்ளினான்.

"மூடாத தம்பி!" "மூடாதீங்க மாமா! கிழங்குட முதுகு!" இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பாத்மா தன் பக்கத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஜவ்பர் மணலைக் கீழே போட்டுவிட்டு, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, இரகசியம் போலச் சொன்னான்:

"அல்லாஹ்வே, உம்மாவும் மகளும் ஒண்டாச் சேந்து கத்தாதீங்க. இஞ்ச மனிசர் படுத்திருக்காங்க."